இரண்டு டப்பா கொள்ளும் பை

— முந்தாநாள் இதே சைக்கிள் கடையில இந்தக் கடைக்காரர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்காம்மா?

— ஏன் இல்லாம? "சைக்கிள்ல தினமும் என்னென்ன எடுத்துட்டுப் போவீங்க?"ன்னார். "குடை, தண்ணி பாட்டில், டிபன் டப்பா"ன்னேன்.

— "ஒரு டப்பாதானே?"ன்னார். "ஆமா"ன்னே. ரெண்டே நாள்ல பையை மாத்தணும்னு வந்து நிக்கிறே.

— சின்னதாப் போச்சுடி, அதுக்கென்ன? அண்ணே, அந்த நீலப் பையை எடுங்க.

— எடுக்கிறேம்மா. ஆனா, அதாவது, இது அகலம். கேரியர் பக்கவாட்டுல மாட்டினா, மிதிக்கும்போது குதிகால் இடிக்கும். பத்துத் தடவை இடிச்சா பதினொண்ணாவது தடவை என்னைத் திட்டுவீங்க.

— கொஞ்சம் பின்னால தள்ளி மாட்டுங்களேன்.

— மாட்டலாம். டப்பா நேரா நிக்கணுமா?

— நிக்கணும் அண்ணே. நேத்து ரெண்டாவது டப்பா சரிஞ்சு, பாதிச் சாப்பாடு குடைக்குள்ள.

— ரெண்டாவது டப்பாவா! யாருக்கும்மா அது?

— மெதுவாப் பேசு. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறார்ல, அவருக்கு.

— ஏன், அவர் வீட்டுல அடுப்பு இல்லையா?

— அடுப்பு இருக்கு, ஆள் இல்லை. அவர் மனைவி தவறி ஆறு வருஷமாச்சு.

— எத்தனை நாளா நடக்குது இது?

— எட்டு மாசமா. ஹேண்டில்ல தொங்கவிட்டுக் கொண்டுபோவேன். ஒரு பக்கமா இழுக்கும்.

— அடிப்பாவி அம்மா! அரிசி சீக்கிரம் தீருதே, நான்தான் வளைச்சுக் கட்டுறேன்போலன்னு எட்டு மாசமா ராத்திரிச் சாப்பாட்டைக் குறைச்சேனே!

— கல்யாணப் பொண்ணு, இளைச்சா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

— சிரிக்காதே. அப்பா போனதுக்கப்புறம் உன்னை ஒரு நாள்கூடத் தனியா விட்டதில்லை. அடுத்த மாசம் கல்யாணமாகி நான் போயிட்டா, காய்கறி, அரிசி எல்லாம் நீயே சுமக்கணுமேன்னுதான் இந்தப் பையே வாங்கித் தந்தேன்.

— தெரியும்டி. அதனாலதான் வாயைத் திறக்க முடியலை.

— எதுக்கு?

— ஒண்ணுமில்லை. அண்ணே, மழைத்தண்ணி உள்ளே போகாதுல்ல?

— அதாவதும்மா, வாயை மூணு சுத்து சுருட்டிக் கொக்கி போட்டுட்டா ஒரு சொட்டு போகாது. வெளியில போய் உங்க சைக்கிள்ல மாட்டிட்டே வந்துடறேன். நீங்க நிதானமாப் பேசுங்க.

— பாரு, அவருக்கே புரிஞ்சுபோச்சு. இப்பவாவது சொல்லும்மா. அந்த லென்ஸ்காரர் ஏதாவது கேட்டாரா?

— கேட்டார். சேர்ந்து இருக்கலாமான்னு. ரெண்டு மாசமாச்சு. என் பொண்ணைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்.

— என்னைக் கேட்கவே இல்லையே நீ!

— பொண்ணு கல்யாணப் பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டு எந்த அம்மாடி இதைக் கேட்பா?

— நீ கேளு. இங்கேயே கேளு.

— உன் கல்யாணத்தன்னிக்கு ஃபோட்டோ எடுக்கிறப்ப… என் பக்கத்துல அவரும் நிக்கட்டுமாடி?