இருமிட்டுப் போங்க சார்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வெண்ணாற்றங்கரை ரோடு. ஒரு பக்கம் மணல் தெரிகிற ஆறு. மறு பக்கம் நஞ்சையைத் தூர்த்து மனைக்கல் நட்ட வயல். குறுவை பொய்த்த வருஷம் அது... ஆள் நடமாட்டம் என்ன, ஒரு ஆடு மாடுகூட இல்லை.

நம் கலந்தருடைய மச்சான் காதர் மைதீனுக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். கரண்ட் வர நேரமாகும். இருட்டில் தனியாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.

யாரும் எழவில்லையா? சரி.

காதர் மைதீன் கூத்தாநல்லூரில் கல்யாண போட்டோகிராபர். கல்யாணம் இல்லாத மாதங்களில் பேங்கிலிருந்து கூப்பிடுவார்கள். ஜப்தி செய்து பூட்டிய வீட்டை ஏலத்துக்கு விடுமுன் படம் எடுக்கவேண்டும். வாசல், கூடம், அறைகள், அடுப்படி... ஒன்று விடாமல்.

அன்றைக்குக் காரில் கூட்டிப்போனவர் நடராசன், தஞ்சாவூர் பேங்க் அதிகாரி. அந்த ரோடு போய்ச் சேருகிற ஊரில், பழைய மலாயா சம்பாத்தியத்தில் கட்டிய பெரிய வீடு. நடராசன் அரக்கு முத்திரையை உடைத்தார். பூட்டைத் திறந்தார்.

காதர் நிலைப்படியில் நின்று இருமினான். "ஆள் வருதுங்க..."

நடராசன் சிரித்துவிட்டார். "காலி வீட்டுல யாருக்கு பாய் ஹாரன் அடிக்கிறீங்க?"

"பழக்கம் சார். சத்தம் குடுத்தா பொம்பளைங்க உள்ளே ஒதுங்கிக்குவாங்க."

"கரப்பான்பூச்சிதான் ஒதுங்கும். சீக்கிரம் எடுங்க, இருட்டுது."

போன் வந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கூடம். ஒரு மூலையில் சர்க்கார் கொடுத்த கலர் டிவி, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். காதர் இரண்டு படம் எடுத்தான். அடுத்த அறைக்கு முன் மறுபடியும் இருமினான்... வாய் தானாக இருமியது.

சரசர...

கஞ்சி போட்ட சேலை தரையில் உரசுகிற சத்தம். உள்ளே போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. எதிர்ப்புற வாசலில் தொங்கிய திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. கற்பூர வாசனை.

பேய் என்று நினைக்கவில்லை அவன். யாரோ ஒரு பொம்பளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று நினைத்தான். முத்திரை வைத்து இரண்டு மாசம். சோறு? தண்ணீர்?

"பயப்படாதீங்கம்மா... நான் போட்டோ எடுக்க வந்தவன்."

இன்னொரு அறை. இருமல். சரசர... திரை ஆடியது. அவன் ஒரு அறை முன்னே போக, அவள் ஒரு அறை உள்ளே போனாள். அடுப்படிக்கு வந்தபோது, அதற்கப்பால் ஜாமான் அறையின் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

ஜன்னல் இல்லாத அறை. ஒரே கதவு. அதற்குமேல் ஒதுங்க இடம் கிடையாது.

காதர் கதவுக்குக் கை நீட்டினான். நீட்டியவன் தற்செயலாகக் கீழே பார்த்தான். தரையெல்லாம் கால் பதிகிற அளவுக்குத் தூசி. வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு ஜோடி கால்தடம்தான்.

அவனுடையது.

இரும முயன்றான்... வரவில்லை. உள்ளேயிருந்து பதில் வந்தது.

டொக். டொக்.

அந்நிய ஆணிடம் குரல் காட்டாத பெண்கள் அப்படித்தான் கதவைத் தட்டுவார்கள். ஆள் இருக்கிறது, வராதே என்று அர்த்தம். காதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான்.

"கடைசி ரூம் வேணாம் சார். உள்ள... ஒரு அம்மா இருக்காங்க."

நடராசன் முகம் மாறியது. "யாரு சொன்னா உங்ககிட்ட?"

"என்ன சார்?"

"அந்தக் கெழவியப் பத்தி." சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "வீட்டுக்காரன் பொண்டாட்டி. புருஷன் செத்துட்டான், காது நகையெல்லாம் கழட்டிட்டு நாலு மாசம் பத்து நாள் இத்தாவுல இருக்கேன், வெளிய வந்தா ஆம்பளைங்க கண்ணுல படணும், இத்தா முடியிற வரைக்கும் டைம் குடுங்கன்னு ஒரே அழுகை. சட்டம் காத்திருக்குமா பாய்? நான்தான் அந்த ரூம் கதவை உடைக்கச் சொன்னேன். ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டு, தெருவே பாக்க ஆட்டோவுல ஏறிச்சு. பத்து நாள்ல போய்ச் சேந்துடுச்சு. நான் என்ன பண்றது?"

காதர் கேமராவை உறையில் போட்டான்.

"குடுங்க கேமராவ. ஒரு ரூமை விட்டா எவன் ஏலம் கேப்பான்?"

"சார்... இருமிட்டுப் போங்க சார். ஒரே ஒரு தரம். கதவைத் திறந்துட்டு முகத்தைத் திருப்பிக்குங்க. அவங்க வெளிய போயிடுவாங்க."

"போய்யா!"

செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டியது. அடுப்படியைத் தாண்டியது. டொக் டொக் என்று இரண்டு தட்டு... பிறகு வேகமாக, படபடவென்று, பத்து விரலாலும் தட்டுகிற மாதிரி. கதவை உதைக்கிற சத்தம். பளிச்சென்று ஃபிளாஷ்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

நடராசன் வெளியே வந்தபோது ரொம்ப சாதுவாக இருந்தார். "காலி ரூம்தான்" என்றார். பூட்டினார். புது அரக்கு வைத்தார்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை நிறுத்திக் கேமராவில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்:

"பாய்... கூடத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?"

காதர் எட்டிப் பார்த்தான். சுவர். டிவிப் பெட்டி. வேறொன்றும் இல்லை.

"இதுல? அடுப்படில? எல்லாத்துலயும் நிக்குதே... வெள்ளைச் சேலை. ஏன் எடுத்தீங்க?"

கேட் திறந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நடராசன் வண்டியை எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். படத்தில் மட்டும் இல்லையாம். வீட்டு அடுப்படியில் நிற்கிறாளாம். பேங்க்கில் கேஷ் கவுன்ட்டர் பக்கம் நிற்கிறாளாம். அவருக்கு மட்டும்தான் தெரிகிறது. எப்போதும் முதுகுதான். ஆனால் முதலில் பார்த்ததுபோல் இல்லை... கொஞ்சம் திரும்பியிருக்கிறாளாம்.

"கண்ணை மூடிக்குங்க சார்."

"மூடினா இன்னும் கிட்டத்துல நிக்கிறா பாய்."

கேட்டு வாங்கி ஒரத்தநாட்டுக்கு மாற்றலாகிப் போனார். அங்கேயும் போன் வரும். தோள்பட்டை தெரிகிறது என்பார். கழுத்து தெரிகிறது என்பார். ஒருநாள் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்: "முழுசாத் திரும்பிட்டா என்ன ஆகும் பாய்? மூஞ்சியப் பாத்துட்டா?"



கடைசியாக வந்த போனில் நடராசன் ரகசியமாகச் சொன்னார்:

"காது தெரியுது பாய்... மேலேருந்து கீழ வரைக்கும் வரிசையா ஓட்டை... ஒண்ணுலகூட நகை இல்ல."