மிஞ்சிய உப்பு

நாலாம் வகுப்போடு நிறுத்தி மூன்று லாரி வாங்கியவன் நான். எனக்குப் புரியாத பேச்சே கிடையாது. செம்பட்டி பஸ்ஸில் முன்சீட்டு டீச்சர் தன் தோழியிடம் சொன்னதற்குத்தான் காதைத் தீட்ட வேண்டியிருந்தது.

"உப்பு என் மானத்த வாங்கிருச்சுக்கா."

"என்னடி ஒளர்ற?"

"சில்வர் நைட்ரேட்டையும் உப்பையும் கலக்குற கணக்குக்கா. சில்வர் நைட்ரேட்டு முதல்ல தீந்துரும், உப்பு மிஞ்சும்; தீர்றத வச்சுத்தான் போடணும். நான் வகுப்புல உப்ப வச்சு, அடியில படியற வீழ்படிவக் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன். சரியாப் போட்ட செல்விய முட்டி போட வச்சேன்."

"நாளைக்குப் பரிச்சையாச்சே! சொல்லிரு."

"எந்த மூஞ்சிய வச்சு?"

அடுத்த நிறுத்தத்தில் செல்வியே ஏறினாள்.

"டீச்சர், ஒங்க மாதிரியே போட்டுப் பழகிட்டேன். இனி தப்பு விடமாட்டேன்."

"நீ மொதல்ல போட்டதுதாம்மா சரி. தப்பு என்னோடது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. செம்பட்டி வரும்வரை டீச்சர் தலை நிமிரவில்லை.