விதைக்கு விட்ட புடலங்காய்

அது தப்பு சார். புடலங்காய் நுனியில கல்லு கட்டுனா நீளமா வளரும்னு ஊரு முழுக்க நம்புது. தாலுகா ஆபீஸ்ல இருந்து அளக்க வந்த நீங்களும் நம்புதீங்க. நீளத்துக்கும் கல்லுக்கும் சம்பந்தமே கெடையாது. சுருளாம நேரா எறங்கும், அவ்வளவுதான். முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடத்துல தாவரவியல் நடத்துனவன் சொல்லுதேன், எழுதி வச்சுக்கிடுங்க. வேண்டாமா? சரி.

அளக்கலாம் சார். சங்கிலியப் பைய எறக்கி வைங்க. பங்குனி வெயிலு, மொதல்ல மோரக் குடிங்க. எண்பத்தெட்டுல குடுத்த மனுவுக்குத் தொண்ணூத்தி நாலுல வந்திருக்கீங்க. இன்னும் கால் மணி நேரத்துல ஒண்ணும் கெட்டுராது. குத்தமாச் சொல்லல.

என்ன தகராறா? அப்ப இந்தத் தோட்டத்துக்கு நடுவுல எல்லை கெடையாது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எந்தம்பி குமரவேல். ஒரு காயை விதைக்கு விட்டிருந்தேன். ரெண்டு முழம், வெள்ளை வரி. அம்பாசமுத்திரத்துலயே அந்த வகை எங்கிட்ட மட்டுந்தான் இருந்துது. முத்துததுக்கு முன்னால யாரும் பறிச்சிரக் கூடாதுன்னு காம்புல செவப்புத் துணி கட்டுனேன். தம்பி அதக் கண்ணேறுக்குக் கட்டுனதுன்னு நெனச்சு, துணியப் பத்திரமா அவுத்துக் கொடியில கட்டிட்டு, காயைப் பறிச்சுக் கூட்டு வச்சுட்டான்.

கேட்டா, ஒரு காய்க்கு இம்புட்டாங்கான். நான் அவன எழுதப் படிக்கத் தெரியாதவன்னேன். அவன் பேங்க்ல ஆபீசர். மறுநாளே நடுவுல ஒரு கல்ல நட்டோம். அளந்து குடுங்க, சுவர் கட்டணும்னு மனுவுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதோட பேச்சு நின்னுது.

இப்பப் பந்தல்ல தொங்குதது பத்தமடையில வாங்குன விதை. சுமார்தான். மூணு வாரத்துக்கு முன்னால ஒரு காத்து அடிச்சுதுல்லா, அன்னைக்குப் பந்தல் ஒரேயடியாச் சாஞ்சுட்டு. நான் மூலைக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். எங்க வீட்டுல பிரம்மநாயகி வந்து, பந்தலோட நீங்களும் விழப் போறீங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அப்பக் குமரவேல் ஆபீஸ் சட்டையோட ஓடி வந்து கம்பைப் பிடிச்சான். கயித்தப் போட்டு இழுத்து நிறுத்த ஒரு கனம் வேணும். அண்ணாச்சி, அந்தக் கல்லப் பிடுங்குவோம்னான். ஆறு வருசத்துல அதான் மொத வார்த்தை. பிடுங்கினோம்.

ஆமா சார், மனுவப் பிரிச்சு வச்சுக்கிட்டு வந்ததுல இருந்து நீங்க தேடுதது அந்தக் கல்லுதான். அங்கன, மேக்கு மூலையில, கயித்துல கட்டிக் கெடக்கு. அவுத்தா பந்தல் விழுந்துரும். காயும் பிஞ்சுமா இருக்கு, நீங்களே பாருங்க.

இல்ல, அதுக்கப்புறமும் நாங்க பேசிக்கிடல. காத்து நின்னுட்டு, அவன் போயிட்டான்.

கல்லு இருந்த குழியா? அத வச்சு அளக்க முடியாது சார். அதுல ஒரு விதை ஊணியிருக்கேன். நீங்க சுவருக்குக் கோடு போட்டா அது மேலதான் போகும். முளைச்சு ரெண்டு இலை விட்டிருக்கு. காலையில நான் தண்ணி ஊத்துதேன். நான் ஊத்துனது தெரியாம சாயங்காலம் அவன் வந்து ஒரு குடம் ஊத்துதான். வேண்டாம்னு சொல்லணும்னா பேசணும்லா.

ஒரு இலை மஞ்சளாயிட்டு.