அஷ்ரஃபியாவுக்கு என்னைக்குத் தண்ணி

இல்ல உஸ்தாத், தப்பு. அரீஜ் எதையும் கெடுக்கல. எழுதுறதை ஒழுங்கா எழுதுங்க. அந்தப் பொண்ணு வேலைக்கு வந்தே எட்டு மாசம்தான் ஆகுது. தண்ணி முறை போடுற நம்ம வாரியத்து வெப் பக்கத்துக்கு வயசு பதினேழு. பண்ணினவன் நான்.

எக்ஸ்எம்எல்னா தெரியுமா? தெரியாதா. விசாரிக்க மட்டும் வந்துட்டீங்க. கேளுங்க. எந்த ஏரியாவுக்கு எந்தக் கிழமை தண்ணின்னு ஒரு ஃபைல். அதுல எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு சொல்றதுக்கு ஸ்டைல் ஷீட், அது தனி. பிரவுசர் ரெண்டையும் சேர்த்து அட்டவணையாக் காட்டும். காட்டிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப நிறுத்திட்டானுங்க. யாரா? பிரவுசர் பண்ற மகராசனுங்கதான். ஆயிரத்துல ஒருத்தன்கூட இதைப் பயன்படுத்தலயாம். எங்க போய் எண்ணினானோ! அவன் வீட்டுக் குழாயில எந்நேரமும் தண்ணி கொட்டுது. இங்க அம்மான் நகரத்துல வாரத்துக்கு ஒரு நாள். அன்னைக்கு மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை ரொப்பலைன்னா அந்த வாரம் நாறிடும்.

அட, அங்கதான் வரேன். ஒரு ஏரியாவுக்கு முறை மாறினா பழைய வரியை அழிக்க மாட்டோம். ரத்துன்னு குறி வச்சு உள்ளயே விட்ருவோம். ஸ்டைல் ஷீட் மறைச்சிடும். ஆமா, நான் கொண்டு வந்த வழக்கம்தான், இப்ப என்ன? போன வெள்ளி பிரவுசர் புதுசாச்சு. ஸ்டைல் ஷீட்டைக் கண்டுக்கவே இல்ல. மறைஞ்சு கிடந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு. அஷ்ரஃபியா ஏரியாவுக்கு ரெண்டு வரி: மேல செவ்வாய், அது பழசு. கீழ சனி. சனம் மேல உள்ளதைத்தானே பார்க்கும்? சனிக்கிழமை தண்ணி வந்துச்சு, போச்சு. ஒருத்தனும் மோட்டார் போடல. செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா போன்ல, நான் பிரவுசரைக் காரணம் சொன்னதும், வாளியோட உக்காந்திருக்கேன், உன் பிரவுசரையாடா குடிக்கிறதுன்னு கேட்டுச்சு. நியாயம்தான்.

மேனேஜருக்கு ஒரு தலை வேணும். வியாழக்கிழமை மர்கா ஏரியாவோட நேரத்தை மாத்தினது அரீஜ், ஃபைலைக் கடைசியாத் தொட்டவ அவதான். தற்காலிக வேலை வேற. ஒரு கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு அனுப்பிடலாம். ரொம்பச் சுலபம், இல்ல?

முன்னாடியே சொல்லலயான்னா கேக்குறீங்க? சொன்னானுங்க. இன்ன தேதியோட நின்னுடும், மாத்திக்கங்கன்னு போன வருஷமே மெயில் போட்டானுங்க. யாருக்கா? எனக்குத்தான். என் பக்கத்தை நிறுத்த இவன் யாருன்னு அந்த மெயிலை அழிச்சேன்.

இருங்க, இன்னும் சொல்லி முடியல. அரீஜ் வேலைக்கு வந்த முதல் வாரமே, இது நிக்கப் போகுது சார், ரெண்டு நாள் குடுங்க, வேற மாதிரி பண்ணிடறேன்னு சொன்னா. அதுல கையை வச்சா வேலை இருக்காதுன்னு சொல்லிட்டேன்.

ரெண்டு நாளா அவளை உக்கார வச்சுக் கேட்டீங்களே, இதைச் சொல்லலயா?

ஒரு வார்த்தைகூடவா?

ம். அவ பேரைக் கோடு போட்டு அடிங்க. என் பேரை எழுதுங்க, ஃபாயிஸ் ஹத்தார்.