கதவச் சாத்தாதீங்க

ஐயோ சார், அந்தக் கதவச் சாத்திராதீங்க! காத்தடிச்சா அடிச்சுட்டுப் போகுது, விடுங்க. வண்டி வெளிய போயிருக்கறப்ப இங்க கதவச் சாத்த மாட்டாங்க. டிரைவரு வெச்ச பழக்கமுங்க. சாத்துனா வண்டி திரும்பாதுன்னு ஒரு பயம்.

பழைய கட்டடத்தப் படம் எடுக்கத்தான வந்தீங்க? எடுங்க, எடுங்க. நான் சொல்லிக்கிட்டே இருக்கறேன். இது மொதல்ல காப்பிக்கொட்டை குடோனுங்க. சொவத்தப் பாருங்க, மொழங்கை நீளத்துக்குக் கனம். தொண்ணூத்தேழுல தீயணைப்பு வண்டி வந்துச்சு. அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து மலை வளைவு அத்தனையும் ஏறி வந்தது, இந்த வாசல்ல நொழைய மாட்டேங்குது. வண்டி மேல இருக்கற ஏணி இடிக்குது. கூரையப் பிரிச்சா மழைக்கு என்ன பண்றதுன்னு தரையத் தோண்டிட்டாங்க! சிரிக்காதீங்க, நெசமாலுமுங்க. அதான் இப்படிப் பள்ளமாக் கெடக்குது. வண்டி மூக்கத் தூக்கிக்கிட்டுத்தான் வெளிய ஏறோணும்.

அந்தக் கோபுரமுங்களா? நனைஞ்ச ஓஸ் பைப்பத் தொங்கவிட்டுக் காயவெக்கறது. கட்டி முடிச்ச மறுநாளே பக்கத்துத் தோட்டத்து ராமாயி அக்கா மூட்டையோட வந்துருச்சு, மேல நல்ல வெயிலு, மொளகு காயப்போட்டுக்கட்டுமான்னு.

மணியா? அது வண்டியில இருக்குது. வேல முடிச்சுத் திரும்பறப்ப அந்தா தெரியுதுல்ல, அந்த வளைவுல டிரைவரு அடிப்பாரு. எல்லாரும் நல்லபடியா வாரோம்னு அர்த்தம். யாருக்காச்சும் ஒண்ணு ஆயிருந்தா அடிக்கறதில்ல. இதுவரைக்கும் அப்படி ஆனதில்லீங்க. ஆனதே இல்ல.

ஆமாங்க, பொகைதான். தேவனூர்ப் பக்கம். வெதைப்புக்கு முன்னால காட்டுச் செத்தையக் கொளுத்தறது எங்க வழக்கம். அதனால பொகையக் கண்டு இங்க யாரும் எந்திரிக்கறதில்ல. இன்னைக்கும் அப்படித்தான், அப்பாசாமி காட்டக் கொளுத்தறான்னு எல்லாரும் அவங்கவங்க சோலியப் பாத்தோம். கடைசியில அப்பாசாமியே ஓடியாறான், தீ கைமீறி ஊட்டுக்கிட்ட வந்துருச்சுன்னு. அப்பப் போன வண்டிங்க. அதுக்கப்புறம் காத்து வேற திரும்பிருச்சு.

பயமா இருக்குது சார். பேசாம உக்காந்தா இன்னும் பயமா இருக்குது. அதான் உங்களப் போகவிடாம புடிச்சு வெச்சிருக்கறேன்.

இருங்க. எஞ்சின் சத்தமுங்க! நம்ம வண்டிதான், எனக்குத் தெரியாதா? வளைவு திரும்புது.

மணி கேக்குதுங்களா? எனக்குக் காதே அடைச்சுப் போச்சு, நீங்க கேட்டுச் சொல்லுங்க. இல்லீங்களா? இன்னொருக்கா நல்லாக் கேளுங்க சார்.

இந்தத் தூக்குப்போசியக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க, கொட்டிருவேன். டிரைவருக்குச் சோறு. எங்கூட்டுக்காரருங்க. மணிய அவருதான் அடிப்பாரு, வேற யாரையும் தொட விடமாட்டாரு.