மாற்றிக் கொடுத்த டப்பா

பாப்பாரப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சாதாரணமாகச் சொன்னார்: "யூரின் டெஸ்ட்டுக்கு என்னோடதக் குடுக்கலீங்க. வூட்டுக்காரியோடதக் குடுத்துட்டேன்."

"ஏங்க அப்பிடி?"

"எனக்கு பிரஷர் இருக்குதில்லீங்களா. மூத்திரத்துல புரோட்டீன் போவுதான்னு பாக்கணும்னாங்க. போவுதுன்னா கருவாடு, ஊறுகா எல்லாத்தயும் நிறுத்திருவாங்க. அவளுக்கு ஒரு நோவும் இல்ல, நல்லபடியா வரும்னு குடுத்தேன்."

"வந்துச்சா?"

"புரோட்டீன் போவுதாம். கிட்னி கெடறதுக்கு இதான் மொத அறிகுறியாம். இன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க." சிரித்தார். "மிசினு சரியில்ல போல."

மற்றவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு என்னிக்காவது பிரஷர் பாத்திருக்கீங்களா?"

"அவளுக்கு எதுக்குங்க? சாயங்காலமானா கால் வீங்குதும்பா. நாளெல்லாம் நின்னு பூப்பறிக்கிறவளுக்கு வீங்காம என்ன?"

சொல்லி முடித்தவர் கையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். மேலே அவர் பெயர்தான் இருந்திருக்கும்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். சாலையைக் கடந்து, பாப்பாரப்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றார்.