வேகத்தடையில் நேராக ஏறியவர்

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருக்கிறபடி. வயது பத்தொன்பது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகம் ஒன்றில் வேலை செய்கிறேன். கத்தரிப்பூ நிறச் சிறிய கார் ஒன்று என் பெயரில் உள்ளது. தெருவில் அதற்குக் கத்தரிக்காய் என்று பெயர்.

எட்டு மாதங்களுக்கு முன் அந்தக் காரைப் பழையதாக வாங்கினேன். அதன் பிறகு, பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமாவும் நானும் சேர்ந்து ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரை மூன்று விரல் அளவு இறக்கினோம், அகலமான டயர் போட்டோம், முன் பம்பருக்கு அடியில் உதடு போல ஒரு பட்டை வைத்தோம், கடைசியாகச் சைலன்சரையும் மாற்றினோம். சைலன்சர் என் யோசனை, மாமாமேல் குற்றமில்லை. என் அம்மா நூலகர். இருபது வருடமாகச் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். முதல் தடவை காரைக் கிளப்பியபோது வாசலுக்கு வந்து, "இது காரா, கல்லு ஒடைக்கிற மெஷினா?" என்று கேட்டார். அதன் பிறகு அதன் பக்கமே வரவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் எதிர்வீட்டு வயலின் ஆசிரியர் சத்தம் தாங்கவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். அவர் சொன்னது நியாயம்தான். இன்னொரு புகார் வந்தால் என் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம் முடக்கப்படும், காரும் நிலையத்தில் நிற்கும் என்று ஆய்வாளர் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். அதன் பிறகு எங்கள் தெருவில் பூனை போலத்தான் போய்வந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பேருந்தில் அச்சகத்துக்குப் போனேன். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினேன். கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் இருக்கை ஸ்டியரிங்கை முட்டுகிற அளவுக்கு முன்னால் தள்ளப்பட்டிருந்தது, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது, பம்பர் பட்டை நட்டநடுவில் கிழிந்திருந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு குள்ளமாக இருப்பவர் ஒருவர்தான். அவர் அப்போது கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாகவே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு இன்று காலை காவலர் வந்து என்னையும் காரையும் நிலையத்துக்கு அழைத்துவந்தார். கார் தெருவை மூன்று தடவை உறுமிக்கொண்டு சுற்றியது, ஓட்டியவர் சிரித்தது மட்டும் தெரிந்தது, முன்கண்ணாடியில் வெயில் அடித்ததால் மற்றபடி முகம் தெரியவில்லை என்று வயலின் ஆசிரியரின் புதுப் புகாரில் இருந்தது. நூலகர்மேல் சத்தப் புகார் என்றால் ஊர் சிரிக்கும் என்று நினைத்து, நான்தான் ஓட்டினேன் என்று சொன்னேன். உரிமம் போகும் என்பது தெரிந்தேதான் சொன்னேன்.

அதன் பிறகு தலைமைக் காவலர் வெளியே போய் பம்பரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வேகத்தடையில நேரா கொண்டுபோய் ஏத்தியிருக்கே. வண்டிய எறக்குனா போதுமா, ஓட்டத் தெரிய வேணாமா?" என்றார்.

மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். இதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"எறக்குன வண்டிய எவனாவது நேரா ஏத்துவானா சார்? சாய்வா கொண்டுபோய் ஒவ்வொரு சக்கரமா ஏத்தணும். எட்டு மாசத்துல ஒரு தடவைகூட எனக்கு அடி தட்டுனதில்ல" என்றேன்.

"அப்ப நேத்து ஓட்டுனது யாரு?" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் தெருவிலிருந்து யாரோ நூலகத்துக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

சுமார் பதினோரு மணிக்கு அம்மா நூலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க உள்ளே வந்தார். தன் ஸ்கூட்டர் கிளம்பாததால் காய்கறி வாங்கக் காரை எடுத்ததாகச் சொன்னார்.

"காய்கறி வாங்க எதுக்கும்மா மூணு சுத்து?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"மொதல் சுத்து பயந்துகிட்டே போனேன் சார், அதச் சேக்காதீங்க. ரெண்டாவதுலதான் வண்டி கைக்கு வந்துச்சு. மூணாவது சும்மா" என்றார்.

அதன் பிறகு வயலின் ஆசிரியரை வரவழைத்தார்கள். அம்மா மன்னிப்புக் கேட்டார். பழைய சைலன்சரை மாட்டினால் ஆசிரியர் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் மாட்டிக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். உரிமம் என்னிடமே இருக்கும் என்று ஆய்வாளர் சொன்னார். ஆய்வாளர் அறையிலிருந்து வெளியே வரும்போது அம்மா, "அந்தச் சாய்வா ஏத்துறத எனக்கும் ஒரு தடவ காட்டு" என்று காதோடு சொன்னார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான்தான் ஓட்டினேன் என்று முதலில் சொன்னது மட்டும் பொய், அதற்கு வருந்துகிறேன். மற்றதெல்லாம் உண்மை. வேகத்தடையில் நேராக ஏறியது நான் அல்ல என்பதைத் தனியாக ஒரு வரியில் எழுதச் சொல்லிக் கேட்டு, எழுதியதைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறேன்.

வேகத்தடையில் நேராக ஏறியது நான் அல்ல.

(ஒப்பம்)
காரின் உரிமையாளர்

வேகத்தடையில் நேராக ஏறியது நான்தான்.
(ஒப்பம்)
உரிமையாளரின் தாயார், நூலகர்